ஏன்? எதற்கு? – நுவரெலியாவில் கடலை ஏன் சுணங்கி அவிகிறது

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை உயரத்தைப் பற்றியவை. கேட்ட பிள்ளைகளுக்கே அது தெரிந்திருக்காது. ஒருவர் கடலையைப் பற்றிக் கேட்கிறார், இன்னொருவர் சிப்ஸ் பக்கற்றைப் பற்றிக் கேட்கிறார். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. ஆகவே முதல் பதிலைத் தாண்டிக் குதிக்காமல் வாசித்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: மலை உச்சி சூரியனுக்குக் கிட்டத்தானே இருக்கிறது? அப்படியென்றால் கொழும்பை விட நுவரெலியாவில் அல்லவா கூடச் சுட வேண்டும்?
– தரம் 5 மாணவன், கந்தப்பளை

பதில்: சூரியன் நம்மிடமிருந்து ஏறக்குறைய 15 கோடி கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். முழுசாக 2 கிலோமீற்றர்கூட இல்லை. 15 கோடியில் இரண்டைக் கழித்து என்ன சூடு சேரப்போகிறது?

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது குறைவு. வெயில் தரையைச் சூடாக்கும். தரை, தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றைச் சூடாக்கும். சூடான காற்று மேலே எழும்பும். மேலே போகப் போக அதை அமுக்குகிற காற்றுக் குறைவு என்பதால் அது விரியும். விரிகிற காற்று குளிரும். நம்பிக்கை இல்லாவிட்டால் சைக்கிள் டயரின் வால்வை ஒரு தடவை அமத்தி, வெளியே வருகிற காற்றை விரலில் படவிடுங்கள். சில்லென்று இருக்கும்.

சராசரியாக 1000 மீற்றர் ஏறினால் 6.5 பாகை செல்சியஸ் குறையும். 1868 மீற்றருக்குக் கணக்குப் பார்த்தால் 12 பாகை. கொழும்பில் 27, 28 பாகை என்றால் நுவரெலியாவில் 15, 16 பாகை. கணக்கும் ஊரும் ஒத்துப்போகிறதல்லவா?

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். குளிர்கிறது என்பதற்காக வெயில் சாது என்று நினைக்காதீர்கள். மேலே காற்று மெலிவாக இருப்பதால் புற ஊதாக் கதிர்களைத் தடுக்க ஆளில்லை. 1000 மீற்றருக்கு நூற்றுக்குப் பத்து அளவில் அவை கூடும். விளையாட்டுப் போட்டி நாளில் கன்னம் கறுப்பதற்கு அதுதான் காரணம். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொழும்பில் இருக்கும் அத்தை வீட்டில் கடலை சீக்கிரம் அவிகிறது. எங்கள் வீட்டில் அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அவிவதில்லை. விறகு சரியில்லையா?
– தரம் 7 மாணவி, நுவரெலியா

பதில்: விறகைத் திட்டாதீர்கள் தங்கச்சி, குற்றம் காற்றினுடையது.

நீரின் மேல் காற்று ஓயாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அமுக்கத்தைத் தள்ளிக்கொண்டு குமிழிகள் வெளியே வருவதைத்தான் கொதித்தல் என்கிறோம். நுவரெலியாவில் காற்றின் அமுக்கம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அமுக்கம் குறைந்தால் தண்ணீர் முந்திக்கொண்டு, குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்துக்கு 1 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் கண்டியில் 98 பாகையிலும், ஹட்டனில் 96 பாகையிலும், நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதிக்கும். சிவனொளிபாதமலை உச்சியில் 92, 93 பாகை. 6 பாகை பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். கடலை போன்ற கடினமான தானியத்துக்குப் பெரிய விஷயம்தான்.

இங்கேதான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயைக் கூட்டினால் தண்ணீர் இன்னும் சூடாகாது, இன்னும் வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். மூடி போட்டு, மெல்லக் கொதிக்கும் அளவுக்குத் தீயைக் குறைத்தாலும் கடலை அதே நேரத்தில்தான் அவியும். விறகு மட்டும் மிஞ்சும். உப்புப் போட்டால் சூடு ஏறும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 1 லீற்றர் நீரின் கொதிநிலையை 1 பாகை உயர்த்த ஏறக்குறைய 60 கிராம் உப்பு வேண்டும். அந்தக் கடலையை யார் சாப்பிடுவது?

செய்ய வேண்டியவை இரண்டு. முதல் நாள் இரவே கடலையை ஊறப்போடுங்கள்; 8 மணித்தியாலமாவது ஊற வேண்டும், கடலையின் அளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் விட வேண்டும். குளிர் நாட்களில் தண்ணீர் சில்லிட்டிருந்தால் ஊறுவதும் மெதுவாகும். வெதுவெதுப்பான நீரில் போடுவது நல்லது. இரண்டாவது, பிரஷர் குக்கர். அது ஆவியை அடைத்து வைத்து, மலையில் இல்லாத அமுக்கத்தைப் பாத்திரத்துக்குள்ளேயே உண்டாக்குகிறது. கடலோரத்தில் உள்ளே 120 பாகை வரை போகும். நுவரெலியாவில் 117 பாகை கிடைக்கும். கடலை, பருப்பு வகைகளைக் குக்கரின் பாதிக்கு மேல் போடக்கூடாது. அவை நுரைத்து மேலே வந்து, விசில் வைக்கும் துவாரத்தை அடைத்துவிடும். அடுப்பில் வைக்கும் முன் அந்தத் துவாரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். இது அம்மாவின் வேலை, உங்களுடையது அல்ல; பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்துங்கள்.

கேள்வி: கொழும்பிலிருந்து வாங்கி வந்த சிப்ஸ் பக்கற் றம்பொடையைத் தாண்டியதும் பலூன் மாதிரி ஊதிவிட்டது. காதும் அடைத்தது. பக்கற் பழுதாகிவிட்டதா?
– தரம் 6 மாணவன், லபுக்கலை

பதில்: பழுதில்லை, தாராளமாகச் சாப்பிடலாம். பக்கற்றை அடைத்தபோது உள்ளே போனது தாழ்நிலக் காற்று. மேலே வந்ததும் வெளியே அமுக்கம் குறைந்துவிட்டது. உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. உள்ளிருந்து ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 200 கிராம் எடை வைத்ததுபோல் அது வெளியே தள்ளுகிறது. பக்கற் ஊதாமல் என்ன செய்யும்?

காதும் ஒரு பக்கற்தான். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று, தொண்டைக்குப் போகும் ஒரு மெல்லிய குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அந்தக் குழாய் திறக்கும், ‘டப்’ என்று காது விடும். மலை ஏறும்போதைவிட இறங்கும்போது காது கூடுதலாக அடைக்கும். தடிமன் பிடித்திருந்தால் இன்னும் மோசம். டொபி சூப்பிக்கொண்டு வாருங்கள். கைக்குழந்தை அழுதால் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

இதை வைத்து ஒரு நல்ல பரிசோதனை செய்யலாம். 1 லீற்றர் வெறும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை நுவரெலியாவில் திறந்து வைத்து, பிறகு மூடியை இறுக மூடிக் கொழும்புக்குக் கொண்டுபோங்கள். போய்ச் சேரும்போது அது யாரோ நெரித்ததுபோல் சப்பிப் போயிருக்கும். ஒரு வாளித் தண்ணீருக்குள் போத்தலைத் தலைகீழாக அமத்திப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திறவுங்கள். 150 மில்லிலீற்றர் அளவில் தண்ணீர் உள்ளே ஏறும். அவ்வளவு இடத்துக்குக் காற்று காணவில்லை என்று அர்த்தம். சரிவரவில்லை என்றால் பெரும்பாலும் மூடி சரியாக இறுகியிருக்காது. பலமான, தடித்த போத்தலும் சப்பாது.

கேள்வி: அட்டை கடிக்கும்போது ஏன் நோவதில்லை? பிறகு ஏன் இரத்தம் நிற்பதில்லை?
– தரம் 8 மாணவி, கினிகத்தேனை

பதில்: அட்டைக்கு இரண்டு முனையிலும் உறிஞ்சி உண்டு. மெலிந்த முனையில்தான் வாய். அதற்குள் மூன்று தாடைகள், ஒவ்வொன்றிலும் வரிசையாக நுண்ணிய பற்கள். மூன்றும் சேர்ந்து அறுப்பதால்தான் கடித்த இடம் மூன்று கதிர் உள்ள சின்ன நட்சத்திரம் மாதிரித் தெரியும். அறுவை மிக நுண்ணியது என்பதால் பலருக்குக் கடித்ததே தெரியாது. அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு புரதம் இருக்கிறது. அட்டை விழுந்து போன பிறகும் அது காயத்திலேயே இருப்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் இரத்தம் கசியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் போகிற இரத்தம் கொஞ்சம்தான்.

எடுக்கிற முறைதான் முக்கியம். உப்புப் போடுவது, தீக்குச்சியால் சுடுவது, சுண்ணாம்பு வைப்பது எல்லாம் அட்டையை விழுத்தும், ஆனால் விழும்போது அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். புண் சீழ் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இழுத்துப் பிய்ப்பதும் சரியில்லை. மெலிந்த முனையைத் தேடி, தோலோடு சேர்த்து விரல் நகத்தைப் பக்கவாட்டில் தள்ளுங்கள், வாய் கழன்றுவிடும். உடனே மற்ற முனையையும் அப்படியே தள்ளிச் சுண்டி விடுங்கள். தாமதித்தால் விரலைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் 10, 15 நிமிடம் விடாமல் அமத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. மூக்குக்குள்ளோ கண்ணிலோ ஏறிவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் காலில் சவர்க்காரம் பூசுவது வீண் வேலை அல்ல. ஈரத்தோலுள்ள அட்டைக்கு அது எரியும். ஆனால் மழையில் கரைந்துவிடும், திரும்பப் பூச வேண்டும். இலை நுனியில் நிமிர்ந்து நிற்கும் அட்டையைக் கண்டால் சற்றுத் தள்ளி நின்று மெல்ல ஊதிப் பாருங்கள். உங்கள் பக்கமே திரும்பும். மூச்சில் இருக்கும் காபனீரொட்சைட்டும் சூடும் அதற்குச் சாப்பாட்டு மணி.

கேள்வி: வானொலியில் வெப்பநிலை 4 பாகை என்றார்கள். தண்ணீர் உறைவது 0 பாகையில்தானே? ஆனாலும் எங்கள் உருளைக்கிழங்குச் செடி உறைபனியில் கருகிவிட்டது.
– தரம் 9 மாணவன், மீப்பிலிமானை

பதில்: வானொலியும் பொய் சொல்லவில்லை, செடியும் பொய் சொல்லவில்லை. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால், ஒன்றரை மீற்றர் உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. செடியோ தரையோடு இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி. இல்லாவிட்டால் தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடப் பல பாகை கீழே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் ஆற்றோரத் தேயிலை கருகும், மேட்டுத் தேயிலை தப்பும்.

இலையின் கலங்களுக்குள்ளும் சுற்றிலும் உள்ள நீர் உறைந்து, கலங்களைச் சிதைத்துவிடும். காலையில் வெயில் பட்டு உருகியதும் சாறு வடிந்து, மத்தியானத்துக்குள் இலை கபில நிறமாகிவிடும். பார்ப்பவர்கள் வெயில் சுட்டது என்பார்கள். சுட்டது குளிர்தான்.

வீட்டுத் தோட்டத்துக்கு என்ன செய்யலாம்? பகலில் மண்ணை நன்றாக நனைத்து வையுங்கள். ஈர மண் வெயிலின் சூட்டைக் கூடுதலாகச் சேர்த்து வைத்து இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பின்னேரம் 5 மணிக்கெல்லாம், சூடு போகும் முன், குச்சிகள் நட்டு அதன் மேல் சாக்கை விரியுங்கள். இலையில் சாக்கோ பொலித்தீனோ தொடக்கூடாது. தொட்ட இடம் கருகும். காலை 8 மணியளவில் எடுத்துவிடுங்கள். பெரிய தோட்டங்களில் விடியும்வரை தண்ணீர் தெளிப்பார்கள். குளிருக்குத் தண்ணீரா என்று சிரிக்க வேண்டாம். 1 லீற்றர் நீர் உறையும்போது வெளிவிடும் சூடு, 4 லீற்றர் நீரை 20 பாகை சூடாக்கப் போதுமானது. அந்தச் சூடு இலையைக் காக்கும். ஆனால் வெயில் ஏறிப் பனி உருகும்வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். கருகிய கிளையை உடனே வெட்டாமல், புதுத் துளிர் எங்கே வருகிறது என்று பார்த்து வெட்டுவது நல்லது.

கேள்வி: மே மாதத்திலிருந்து எங்கள் ஊரில் ஓயாத மழை. அதே நேரம் பண்டாரவளையில் மாமா வீட்டில் வெயிலும் காற்றும். ஏன்?
– தரம் 7 மாணவன், வட்டவளை

பதில்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு உங்கள் பக்கத்து மலையில் மோதுகிறது. ஏறும் காற்று குளிரும் என்று மேலே பார்த்தோமே. குளிர்ந்ததும் ஈரம் மழையாகக் கொட்டிவிடும். வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்வது இதனால்தான். ஈரத்தை இழந்த காற்று மலையைத் தாண்டி, பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்குள் இறங்கும்போது 100 மீற்றருக்கு 1 பாகை வீதம் சூடேறி, வறண்ட காற்றாக வீசும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை வருவது இந்தக் காற்றால்தான். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று வரும்போது ஆட்டம் மறுபக்கம் மாறும். மாமா குடை பிடிப்பார்.

கேள்வி: மழை 100 மில்லிமீற்றர் என்கிறார்களே, அதை வீட்டில் அளக்க முடியுமா?
– தரம் 8 மாணவி, கொட்டகலை

பதில்: முடியும், மலையில் வாழும் ஒவ்வொரு வீட்டிலும் அளக்கவே வேண்டும். 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1 சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் தண்ணீர். 20 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 1000 லீற்றர், அதாவது ஒரு தொன் தண்ணீர். இவ்வளவும் மண்ணுக்குள் போனால் மலை என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

பக்கம் நேராக உள்ள ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுங்கள். கழுத்துச் சரிவு முடிந்து நேராகும் இடத்தில் சுற்றிவர வெட்டி, வெட்டிய மேல்துண்டை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே செருகுங்கள். அது புனல். ஓரத்தை ரேப்பால் ஒட்டுங்கள். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை அப்படியே விட்டால் அளவு பிழைக்கும். ஆகவே கூழாங்கல் போட்டு, அடி நேராகும் மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு போட்டு 0 என்று எழுதுங்கள். அதிலிருந்து மேலே அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர் குறியுங்கள். கல்லின் பாரத்தால் காற்றிலும் விழாது. புனலின் வாயும் போத்தலின் உடம்பும் ஒரே அகலமாக இருந்தால்தான் நேரே வாசிக்கலாம்.

லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கூரைக்கு அருகில் வைத்தால் பீலித் தண்ணீரும் தெறித்து விழும். பக்கத்து மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வாசித்து, எழுதி, தண்ணீரை 0 கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை கணக்கெடுக்கிறது. பாடசாலைக்குப் போகிறவர்கள் 6.30 என்று வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, நேரத்தை மாற்றாமல் இருந்தால் சரி.

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை. 100 என்றால் போவதற்கு ஆயத்தமாக இருங்கள். 150 என்றாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலோ, மண்சரிவு அபாயமுள்ள இடத்தை விட்டு வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுவதற்கு வைத்திருக்கும் அளவுகள் இவை. ஆனால் போத்தலில் 40 மில்லிமீற்றர்தானே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. நிலத்தில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, நேராக நின்ற மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, ஓடிய ஊற்று நிற்பது அல்லது கலங்குவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பெரியவர்களிடம் சொல்லி உடனே விலகுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனவை நம்மைப் போன்றவர்களின் லயங்கள்தான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117. கான்களில் குப்பை போடுகிறவர்களைக் கண்டால் சண்டை பிடிக்கலாம், தப்பில்லை.

கேள்வி: பச்சைக் கொழுந்து எப்படிக் கறுப்புத் தூளாகிறது? சாயம் பூசுகிறார்களா?
– தரம் 4 மாணவி, தலவாக்கலை

பதில்: இல்லை. வெட்டி வைத்த அப்பிள் கறுப்பதுபோலத்தான். கொழுந்தை 12 முதல் 16 மணித்தியாலம் வரை வாட்டி, பிறகு உருட்டி நசுக்குவார்கள். கலங்கள் உடைந்து உள்ளே இருக்கும் நொதியம் சாற்றோடும் ஒட்சிசனோடும் சேர்ந்ததும் செம்பு நிறமாகும். போதுமான நிறம் வந்ததும் சூடான காற்றில் 20 நிமிடமளவு உலர்த்தினால் நொதியம் செத்துவிடும், தூளும் கறுத்துவிடும். பச்சைத் தேயிலைக்கு இந்த நொதியத்தை முதலிலேயே ஆவியில் கொன்றுவிடுவார்கள். 1 கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் இடத்தில், கொழுந்தைச் சாக்கில் திணிக்காதே என்று ஏன் கத்துகிறார்கள் தெரியுமா? நெரிந்த கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவக்கத் தொடங்கிவிடும், பெக்டரிக்குப் போகும்போது பாதி வேலை பிழையாக முடிந்திருக்கும். சாயத்தண்ணியில் நாலு துளி தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள். புளிப்புப் பட்டதும் நிறம் வெளிறும்.

கேள்வி: மூடுபனியும் மேகமும் வேறு வேறா?
– தரம் 3 மாணவன், அம்பேவளை

பதில்: இரண்டும் நுண்ணிய நீர்த்துளிகள்தான். கீழே பட்டணத்தில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் மேகம், அதற்குள் நிற்கும் உங்களுக்கு மூடுபனி.

கேள்வி: சிவனொளிபாதமலையில் சூரியன் உதிக்கும்போது மலையின் நிழல் சரியான முக்கோணமாக விழுகிறது. மலை அப்படி இல்லையே?
– தரம் 10 மாணவி, மஸ்கெலியா

பதில்: றெயில் வராத நேரத்தில், கடவைக்கு வெளியே நின்று தண்டவாளம் தூரத்துக்குப் போவதைப் பாருங்கள். இரண்டு தண்டவாளமும் ஒரே அகலத்தில்தான் போகின்றன, ஆனால் கண்ணுக்கு ஒரு புள்ளியில் கூடும். உதயத்தில் சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால் நிழல் மேற்கே பல கிலோமீற்றர் நீளும். நீங்கள் நிற்பது அதன் தொடக்கத்தில். நீண்ட நிழலின் இரு ஓரங்களும் தூரத்தில் கூடுவதுபோல் தெரிவதால், உச்சி தட்டையான மலைக்கும் நிழல் கூராகத்தான் தெரியும். சூரியன் ஏற ஏற நிழல் குறுகி மலையடிக்கு வந்துவிடும். ஆகவே பார்க்கப் போகிறவர்கள் கிழக்கே சூரியனைப் பார்த்துவிட்டு உடனே மேற்குப் பக்கம் திரும்புங்கள்; பலர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறார்கள், அதற்குள் நிழல் போய்விடும்.